நம் பெயரில் இன்னொருவர் கடன் வாங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி? மலையகக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மா வாங்காத கடனுக்கு அம்மாவின் பெயரில் ஒரு கடிதம் வந்தது. தோட்ட ஆபீஸில் நாலைந்து நாள் கிடந்து, யாரோ பிரித்துப் பார்த்து மடித்த தடத்தோடு, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் ஒரு அக்கா அதை அம்மாவின் கையில் கொடுத்திருக்கிறார். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. சாயங்காலம் கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்த கையோடு என்னிடம் நீட்டினார். அவருடைய முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், தோட்டத்து வரிசை வீடான லயத்தின் இலக்கம் எல்லாமே சரியாக இருந்தன. கடன் மட்டும் அவருடையது அல்ல.

மூன்று வருடத்துக்கு முன் நடந்தது அம்மாவுக்கு மெல்ல நினைவுக்கு வந்தது. "அக்கா, மூணு பேர் சேர்ந்தாத்தான் லோன் குடுப்பாங்க, ஒங்க ஐடென்டி கொப்பி ஒண்ணு மட்டும் குடுங்க" என்று பக்கத்து லயத்துப் பெண் கேட்டிருக்கிறார். அம்மா கொடுத்திருக்கிறார். அந்தக் குழு அமையவே இல்லை. கொப்பி மட்டும் யாரிடமோ தங்கிவிட்டது.

அந்தக் கடனிலிருந்து அம்மாவின் பெயரை எடுப்பதற்கு ஐந்து மாதம் அலைந்தோம். அந்த அலைச்சலில் கற்றதையும், சனிக்கிழமைகளில் தோட்டத்து வாசிகசாலையில் படிவம் நிரப்பிக் கொடுக்கும்போது பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இலங்கையின் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கு பிரித்தது. இங்கே எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆனது. அத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த அட்டை என்பதால்தான் அதைத் தகரப் பெட்டியில் சேலை மடிப்புக்குள் பத்திரமாக வைக்கிறோம். ஆனால் அதன் கொப்பியைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடுகிறோம். அட்டை கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது என்ற பயம் நமக்குள் ஊறியிருக்கிறது. திருடுகிறவருக்கு அட்டை தேவையில்லை, கொப்பியே போதும்.

முதல் படி: உங்கள் பேப்பர் யார் யார் கையில் இருக்கிறது?

ஒரு தாளை எடுத்து, கடந்த இரண்டு மூன்று வருடத்தில் அடையாள அட்டைக் கொப்பியோ படமோ கொடுத்தவர்களின் பெயரை எழுதுங்கள். தோட்ட ஆபீஸ், சங்கத்துக்காரர், கடன் குழுத் தலைவி, சீட்டுப் பிடிப்பவர், வெளிநாட்டு வேலை ஏஜென்ட், பள்ளிக்கூடம், தவணைக்கு டீவி கொடுத்த கடை, டவுனில் பிரின்ட், கொப்பி எடுத்துத் தரும் கொம்யூனிகேஷன் கடை. எங்கள் வீட்டுக் கணக்கு பதினொன்றில் வந்து நின்றது. அதில் ஆறு பேர் எதற்காக வாங்கினார்கள் என்று எங்களுக்கே தெரியவில்லை.

வேலை முடிந்த இடங்களில் கொப்பியைத் திருப்பிக் கேளுங்கள். கடன் குழு கலைந்திருந்தால், ஏஜென்ட் வழியாகப் போகும் எண்ணத்தைக் கைவிட்டிருந்தால், "அண்ணே, அந்தப் பேப்பரத் திருப்பிக் குடுங்க" என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. அசல் அட்டையையோ பாஸ்போர்ட்டையோ ஏ.டி.எம். காட்டையோ கடனுக்கு ஈடாகப் பிடித்து வைத்திருப்பவர்கள் இருந்தால் அதுதான் முதலில் மீட்க வேண்டியது. சம்பளம் விழும் கணக்கின் காட்டையும் அதன் இரகசிய இலக்கத்தையும் வட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு மாதாமாதம் மிச்சத்தை வாங்கும் வழக்கம் சில தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. அங்கே போவது பணம் மட்டுமல்ல. அந்தக் கணக்கில் யார் போட்டாலும் எடுத்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இரண்டாம் படி: அந்த இலக்கம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும் இருக்கும். 2016 முதல் கொடுக்கப்படும் புதிய இலக்கத்தில் பன்னிரண்டு இலக்கங்கள். இது வெறும் வரிசை எண் அல்ல. பழைய இலக்கத்தின் முதல் இரண்டும், புதியதில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது. பெண்களுக்கு அதோடு 500ஐக் கூட்டுவார்கள். 1985 மார்ச் 10இல் பிறந்த ஒரு பெண்ணின் பழைய இலக்கம் 85570 என்று தொடங்கும். ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு எந்த வருடமானாலும் 29, மார்ச்சில் 10 நாள், ஆக 70. அதோடு 500 சேர்ந்தால் 570.

ஆக இலக்கம் தெரிந்தவருக்கு உங்கள் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரியும். தொலைபேசியில் ஒருவர் "நீங்க 85 மார்ச் பத்தாம் திகதி பொறந்தவங்க தானே, நான் பேங்கில இருந்து கதைக்கிறேன்" என்று சொல்லும்போது, இவ்வளவு தெரிந்தவர் உண்மையான ஆளாகத்தான் இருப்பார் என்று மனம் நம்பிவிடுகிறது. அவருக்குத் தெரிந்தது ஒரு கொப்பியிலிருந்து எடுத்த இலக்கம் மட்டுமாக இருக்கலாம். பிறந்த வருடத்தை ஏ.டி.எம். இரகசிய இலக்கமாக வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். அடையாள அட்டையும் ஏ.டி.எம். காட்டும் சேர்ந்து தொலைந்தால், எடுத்தவர் முதலில் அழுத்திப் பார்ப்பது அந்த நான்கையும்தான்.

இன்னொன்று: அட்டை தொலைந்து புதியது எடுத்தாலும் இலக்கம் உங்களுடையதாகவே தொடரும். பழைய ஒன்பது இலக்கம் பன்னிரண்டாகும்போதும், வருடத்துக்கு முன் 19உம் நடுவில் ஒரு சைபரும் சேருமே தவிர ஆளடையாளம் மாறாது. அதனால் ஒரு முறை வெளியே போன கொப்பி பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருக்கும்.

மூன்றாம் படி: கொப்பியைக் குறுக்குக் கோடு போட்டுக் கொடுங்கள்

இதற்குச் செலவு ஒரு பேனா மட்டுமே. கொப்பியின் மேல், படத்தையும் இலக்கத்தையும் தொட்டுச் செல்லும்படி இரண்டு சாய்வுக் கோடு இழுத்து, நடுவில் எழுதுங்கள்: "இன்ன பள்ளிக்கூட அனுமதிக்கு மட்டும்", கீழே திகதி, கையொப்பம். எழுத்து அட்டையின் படத்துக்கு மேலேயே ஓட வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி கொப்பி எடுத்துவிடலாம். தமிழில் எழுதினாலே போதும். வாங்குபவர் முகம் சுளித்தால், காரணத்தைச் சொல்லுங்கள். கோடு போட்ட கொப்பியை நேர்மையான அலுவலகம் மறுக்கக் காரணமில்லை. கோடு போடாததுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவரிடம் அசல் அட்டையைக் கண்ணால் பார்க்கக் கொடுத்து, அங்கேயே திருப்பி வாங்குங்கள்.

கைநாட்டு வைக்கும் பெரியவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் பெருவிரலை வைக்கக் கூடாது. படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், வாசித்துச் சொல்ல வீட்டுப் பிள்ளையோ தெரிந்த ஆசிரியரோ வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். "இன்னைக்கே போடணும்" என்று அவசரப்படுத்துகிறவரின் படிவத்தை நாளைக்குத் தள்ளிப் போடுங்கள்.

நான்காம் படி: போனும் சிம்மும்

இப்போதெல்லாம் உங்கள் பெயருக்குச் சாவி அட்டையில் இல்லை, சிம்மில் இருக்கிறது. பேங்க் அனுப்பும் ஒரு தடவை இலக்கம், அதாவது ஓ.டி.பி., அங்கேதான் வருகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் அடையாள அட்டையில் எத்தனை சிம் பதிவாகியிருக்கிறது என்று டயலொக், மொபிடெல், ஹட்ச் நிலையங்களில் அட்டையோடு போய்க் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத இலக்கம் இருந்தால் எழுத்தில் கொடுத்து நிறுத்துங்கள். தெருவோரம் குடை விரித்து இலவச சிம் கொடுப்பவரிடம் அட்டையை நீட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பாதீர்கள். ஒரு சிம்முக்குக் கொடுத்த அட்டையில் இரண்டு சிம் பதியப்படலாம். உறவுக்காரருக்காக உங்கள் பெயரில் சிம் எடுத்துக் கொடுத்திருந்தால் அதை அவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்த இலக்கத்திலிருந்து யாரையாவது ஏமாற்றினால் பொலிஸ் முதலில் வருவது உங்கள் லயத்துக்கு.

அடுத்து, பேங்கில் கொடுத்த இலக்கம் இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். 2023இல் அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும தொடங்கியபோது அவசரமாகக் கணக்குத் திறந்த பலர், தங்களிடம் போன் இல்லை என்று பக்கத்து வீட்டுப் பையனின் இலக்கத்தையோ, கூட்டிக்கொண்டு போனவரின் இலக்கத்தையோ கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். ரீலோட் போடாமல் விட்ட சிம் செத்துப்போய், அதே இலக்கம் வேறு ஆளுக்குப் போய்விடுவதும் உண்டு. கிளைக்குப் போய் இலக்கத்தை மாற்ற அரை நாள் கூலி போகும். போனாலும் பரவாயில்லை, மாற்றுங்கள்.

வட்ஸ்அப்புக்கு வருவோம். தெரிந்தவர் பெயரில் ஒரு செய்தி வரும்: "தவறுதலா ஒங்க போனுக்கு ஆறு இலக்கம் ஒண்ணு வந்திருக்கும், அனுப்புங்க." அனுப்பினால் உங்கள் வட்ஸ்அப் அவர் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் உங்கள் சித்தப்பாவிடம் பணம் கேட்பார்கள். இதைத் தடுக்க செட்டிங்ஸில் அக்கவுண்ட் என்ற இடத்தில் இரு-படிச் சரிபார்ப்பைத் திறந்து, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஆறு இலக்கம் ஒன்றை வையுங்கள். அதே செட்டிங்ஸில் இணைக்கப்பட்ட சாதனங்களையும் பாருங்கள். நீங்கள் இணைக்காத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள். ஏற்கனவே பறிபோயிருந்தால் உங்கள் இலக்கத்தைப் போட்டு மறுபடி பதியுங்கள். எஸ்.எம்.எஸ்ஸில் வரும் இலக்கத்தைக் கொடுத்ததும் அவர் வெளியே தள்ளப்படுவார். அவர் தன் ஆறு இலக்கத்தைப் போட்டுப் பூட்டியிருந்தால் நீங்கள் உள்ளே நுழைய ஏழு நாள் பொறுக்க வேண்டும். அந்த ஏழு நாளும் அவராலும் உள்ளே இருக்க முடியாது.

தபால் திணைக்களத்தின் பெயரில் "உங்கள் பார்சல் நிற்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று வரும் லிங்க் பொய். அதில் கேட்பது கட்டணத்தை அல்ல, ஏ.டி.எம். காட்டின் இலக்கத்தை. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அழித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: கொம்யூனிகேஷன் கடையும் கடன் ஆப்பும்

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ கொம்யூனிகேஷன் கடைக்காரர் நமக்குப் பெரிய உதவி. பரீட்சை முடிவு பார்ப்பது முதல் பாஸ்போர்ட் படிவம் வரை அவர்தான் செய்து தருகிறார். அவரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. ஆனால் பிரின்ட் எடுக்க அவருடைய வட்ஸ்அப்புக்கு நாம் அனுப்பிய அட்டைப் படம் அவர் போனிலேயே தங்கியிருக்கிறது. அந்த போனை அவருடைய கடையில் வேலை செய்யும் மூன்று பேர் எடுக்கிறார்கள். அதனால் வேலை முடிந்ததும் அந்தப் படத்தை நீங்களே "எல்லோருக்கும் நீக்கு" கொடுத்து அழியுங்கள், அவருடைய போனிலும் கம்ப்யூட்டரிலும் தங்கியிருப்பதை உங்கள் கண் முன்னே அழிக்கச் சொல்லுங்கள். உங்களுக்காக அவர் திறந்து கொடுத்த ஈமெயிலின் பாஸ்வேர்ட்டை வீட்டுக்கு வந்ததும் மாற்றுங்கள். மீட்பு இலக்கமாக அவருடைய போன் இலக்கம் இருந்தால் அதையும் உங்களுடையதாக ஆக்குங்கள். இல்லாவிட்டால் பாஸ்வேர்ட் மாற்றியும் பயனில்லை.

கடன் ஆப் பற்றி எனக்கு ஒரே அபிப்பிராயம்தான். தொடாதீர்கள். அட்டையின் இரு பக்கப் படம், அட்டையைக் கையில் பிடித்த முகப் படம், போனில் உள்ள அத்தனை பேரின் இலக்கம் எல்லாவற்றையும் ஐந்தாயிரம் ரூபாய்க்காக வாங்கிக்கொள்கிறார்கள். அட்டையோடு சேர்ந்த முகப் படம் கிடைத்தால் இன்னொரு இடத்தில் உங்கள் பெயரில் கணக்குத் திறக்க முயலலாம். ஒரு நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று கேட்க 1935ஐ அழையுங்கள். அது மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவு.

ஆறாம் படி: பெயரை வாடகைக்குக் கொடுக்காதீர்கள்

கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லுங்கள். "ஒன் பேர்ல ஒரு அக்கவுண்ட் தெறந்து ஏ.டி.எம். காட்டக் குடுத்தா மாசம் பத்தாயிரம்" என்று யாராவது சொன்னால், அந்தக் கணக்கு வழியாக ஏமாற்றுப் பணம் ஓடப் போகிறது. 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் இருக்கிறது. சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது கணக்கின் சொந்தக்காரரின் பெயர். பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன் அறியாமல் செய்துவிட்டு நீதிமன்ற வாசலில் நிற்பதைப் பெற்ற தாயால் தாங்க முடியாது.

வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் பாஸ்போர்ட் கேட்டால், அவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989இல் கேட்ட பிறகு கொடுங்கள். வயதையோ பெயரையோ மாற்றிப் பேப்பர் செய்து தருகிறேன் என்பவரிடமிருந்து விலகுங்கள். வேறு பெயரில் போன பெண்ணுக்கு அங்கே ஏதாவது நடந்தால் அவளைத் தேடுவதே கடினம்.

ஏழாம் படி: கடிதங்கள்

லயங்களில் வீட்டுக்கு வீடு தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து கைமாறி நம்மிடம் வருகிறது. சில கடிதங்கள் வருவதே இல்லை. அம்மாவுக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் கிடைக்கவில்லை, கிடைத்தது மூன்றாவது. தனி முகவரி கிடைக்கும்வரை செய்யக்கூடியது: பேங்க் கடிதங்களுக்கு டவுனில் நம்பகமான ஒருவரின் முகவரியைக் கொடுங்கள், அல்லது தபால் நிலையத்திலேயே வந்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று தபால் அதிபரிடம் கேளுங்கள். பிரித்த நிலையில் கடிதம் வந்தால் அன்றைக்கே ஆபீஸில் சொல்லிக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: கிரிப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

"கிரிப்ல பேர் விழுந்துருச்சு" என்று பயந்து பேசுவோம். கிரிப் என்பது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் தகவல் பணியகம். அது கறுப்புப் பட்டியல் அல்ல. ஒழுங்காகக் கட்டுகிற கடனும் அதில் இருக்கும், நீங்கள் பிணை நின்றதும் இருக்கும். உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். கணக்கு வைத்திருக்கும் பேங்க் கிளையில் கேளுங்கள், வழி சொல்வார்கள். கையில் கிடைத்ததும் இரண்டைப் பாருங்கள்: நீங்கள் எடுக்காத கடன் இருக்கிறதா, நீங்கள் போகாத நிறுவனம் உங்களைப் பற்றி விசாரித்திருக்கிறதா. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. யாரோ உங்கள் பெயரில் கடன் கேட்டுப் பார்த்திருக்கிறார் என்பதற்கு அதுவே முதல் அடையாளம். சின்ன வட்டிக்காரர்களின் கடன் அதில் வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஊழியர் சேமலாப நிதியும் (ஈ.பி.எஃப்.) இதோடு சேர்ந்தது. சம்பளத்தில் உங்கள் பங்கு நூற்றுக்கு 8, தோட்டத்தின் பங்கு 12, முப்பது வருட உழைப்பு அதில் கிடக்கிறது. ஒரே தோட்டத்தில் நான்கு லெட்சுமி, மூன்று ராமாயி இருப்பார்கள். தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி பெயர் எழுதப்பட்டிருந்தால், ஒருவர் பணம் இன்னொருவர் பெயரில் ஏறவும், வேண்டுமென்றே எடுக்கவும் வழி இருக்கிறது. பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில் பணம் எடுக்கப் போகும்போதுதான் இது தெரியவருகிறது. அதற்குப் பல வருடம் முன்னரே தொழில் அலுவலகத்துக்குப் போய், உங்கள் அங்கத்துவ இலக்கத்தோடு சரியான அடையாள அட்டை இலக்கம் இணைந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

மழைக்காலத்துக்கு

2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் உயிரோடு சேர்ந்து பத்திரங்களும் போயின. பிறப்புச் சான்றிதழ், அட்டை, பேங்க் புத்தகம் மூன்றையும் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, எச்சரிக்கை வந்ததும் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் வையுங்கள். முகாமில் நிவாரணப் பட்டியல் எழுத வருபவர் யார், கிராம உத்தியோகத்தருக்குத் தெரிந்தவரா என்று கேட்ட பிறகே அட்டை இலக்கத்தைச் சொல்லுங்கள்.

நடந்துவிட்டால்

வரிசை முக்கியம். முதலில் பேங்க்: ஏ.டி.எம். காட்டின் பின்னால் உள்ள இலக்கத்தை அழைத்துக் காட்டை நிறுத்துங்கள். அந்த இலக்கத்தை இப்போதே சுவரில் எழுதி வைத்தால் நல்லது, காட் போனபின் அதன் பின்பக்கமும் போய்விடுகிறது. அடுத்து சிம்மை நிறுத்துங்கள். பிறகு பொலிஸ்.

பொலிஸில் தமிழில் முறைப்பாடு கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. எழுதுபவர் சிங்களத்தில் எழுதினால், வாசித்துத் தமிழில் சொல்லாமல் ஒப்பமிடாதீர்கள். "இது பணக் கொடுக்கல் வாங்கல், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், ஆள்மாறாட்டம் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம் என்று அமைதியாகச் சொல்லுங்கள். போன், கம்ப்யூட்டர் வழியாக நடந்திருந்தால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தையும் சொல்லலாம். முறைப்பாட்டின் பிரதியை வாங்காமல் வெளியே வராதீர்கள். மற்ற எல்லாக் கதவும் அந்தப் பிரதியைக் காட்டினால்தான் திறக்கும். தொலைந்த அட்டைக்குப் புதியது எடுக்கவும் அதுதான் வேண்டும்: கிராம உத்தியோகத்தர் அல்லது தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்திய விண்ணப்பத்தோடு பிரதேச செயலகம் வழியாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும். பேஸ்புக், வட்ஸ்அப் சம்பந்தப்பட்டதற்கு கணினிப் பாதுகாப்புக்கான அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101ஐ அழைக்கலாம்.

கடன் கொடுத்த நிறுவனத்துக்கு வாயால் சொல்லாதீர்கள். பதிவுத் தபாலில் எழுதுங்கள்: இந்தக் கடனை நான் எடுக்கவில்லை, விண்ணப்பத்தின் பிரதியை அனுப்புங்கள், முறைப்பாட்டுப் பிரதி இணைத்திருக்கிறேன். "சும்மா ஒரு மாதத் தவணை மட்டும் கட்டுங்கள், பிறகு பார்ப்போம்" என்பார்கள். எங்களிடமும் சொன்னார்கள். ஒரு ரூபாய் கட்டினாலும் கடனை ஒப்புக்கொண்டதாக அவர்கள் காட்டக்கூடும்.

அம்மாவின் விஷயத்தில் அந்த விண்ணப்பப் பிரதிதான் காப்பாற்றியது. அதில் ஆங்கிலத்தில் அழகாக ஒரு கையொப்பம் இருந்தது. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், வாழ்நாள் முழுக்கத் தமிழில்தான், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி, தன் பெயரை எழுதுகிறார். பேங்க் புத்தகத்தில் இருந்த அந்தக் கையொப்பத்தின் பிரதியைச் சேர்த்து இரண்டாவது கடிதம் அனுப்பினோம். ஐந்தாவது மாதம், கடன் அவருடையது அல்ல என்று எழுத்தில் பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அட்டையோடு ஒரே உறையில் வைத்திருக்கிறார். யாராவது கொப்பி கேட்டு வந்தால், முதலில் பேனாவைத் தேடுகிறார்.